அக்கறைக்கு ஒரு திருத்தம்

கிராமப்புற மற்றும் தீவுச் சமூகங்களின் பிரச்சினைகளைக் கூர்ந்தாயும் நாடாளுமன்ற நிலைக்குழுவில் கூராக இருந்தவை பென்சில்கள் மட்டும்தான். ஒவ்வொரு அமர்வுக்கு முன்பும் பதினோரு உறுப்பினர்களுக்கும் தலைக்கு இரண்டாக இருபத்திரண்டு பென்சில்களைச் சீவி வைப்பார்கள். அமர்வு முடிந்ததும் இருபத்திரண்டும் முனை மழுங்காமல் பெட்டிக்குத் திரும்பும். அடுத்த அமர்வுக்கு முன்பு அவற்றை மறுபடியும் சீவுவார்கள், ஏனென்றால் சீவ வேண்டும் என்று விதி இருக்கிறது. நான் அந்தக் குழுவின் சுருக்கெழுத்தாளன். அங்கே மழுங்கிய ஒரே பென்சில் என்னுடையது. அதுவும் மழுங்காமலே இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

கயிற்றுக்காரர் வந்த அன்று, காலை எட்டு மணிக்கே தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு துணிப்பை. கையில் எங்கள் அழைப்புக் கடிதம், எட்டாக மடித்து. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“ஐயா, ஒரு விஷயம் கேக்கலாமா? இதுல என்னை சாட்சின்னு போட்டிருக்கு. யார் மேல கேஸு?”

“கேஸெல்லாம் இல்லைங்க. குழு முன்னால பேச வர்றவங்களை சாட்சின்னுதான் சொல்லுவாங்க.”

“நான் பாக்கக் கூடாததை எதையோ பாத்துட்டேன்னு வீட்டுக்காரி பயந்துட்டா. மாத்துச் சட்டை ரெண்டு வச்சு அனுப்பியிருக்கா, உள்ள போட்டுட்டா உதவும்னு.” பையைத் தட்டிக் காட்டினார்.

அந்தத் தீவுக்கு ஒரே ஒரு படகு. காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. படகு துறையை நெருங்கும்போது அதிலிருந்து கயிற்றை வீசுவார்கள். அதைப் பிடித்து இரும்புத் தூணில் கட்டுவதும், படகு புறப்படும்போது அவிழ்த்து விடுவதும் இவர் வேலை. அரசாங்கத்தில் அதற்குப் பெயர் ‘இறங்குதுறைக் கயிற்றுப் பணியாளர், இரண்டாம் நிலை’. முதல் நிலைப் பணியாளர் என்று ஒருவர் நியமிக்கப்பட்டதே இல்லை. துறையில் இருந்த இரண்டு தூண்களில் ஒன்று பல வருடமாக ஆடிக்கொண்டிருந்தது. இதைச் சொல்லும்போது அவர் தன் முன்பல்லை விரலால் ஆட்டிக் காட்டினார்.

அவர் மனைவிக்குச் சர்க்கரை. ஊசி மருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஐஸ் பெட்டியில் படகில் வரும். போன காற்றுக் காலத்தில் படகின் இன்ஜின் நின்று போய், பதினோரு நாள் மருந்து வரவில்லை. எட்டாம் நாள் அந்த அம்மாளுக்கு நினைவு தப்பியது. அவரைத் தூக்கிக்கொண்டு போய்த் துறையில் படுக்க வைத்து, கட்டுவதற்குக் கயிறு இல்லாத தூணில் சாய்ந்துகொண்டு மூன்று நாள் காத்திருந்ததாகச் சொன்னார். பன்னிரண்டாம் நாள் எப்படியோ படகு வந்துவிட்டது, அந்த அம்மாள் பிழைத்தார். இந்தக் காற்றுக் காலத்தை இன்ஜின் தாங்காது என்று படகோட்டி அடித்துச் சொல்லிவிட்டாராம். காற்றுக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. புது இன்ஜின் ஒன்று கேட்கத்தான் மனிதர் வந்திருந்தார், வேறொன்றுக்கும் இல்லை.

குழுத் தலைவர் நாற்பது நிமிடம் வரவேற்றுப் பேசினார். சாட்சிக்கு நான்கு நிமிடம். அதில் உறுதிமொழிக்கு ஒன்றரை நிமிடம் போனது. மற்றதை உறுப்பினர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

“உங்கள் பகுதியைச் சுற்றிலும் தண்ணீர் இருப்பதாகக் குறிப்பில் இருக்கிறது. இது எத்தனை நாளாக?” என்று கேட்டார் ஓர் உறுப்பினர்.

“ஆதியில இருந்தேங்க.”

“இது பற்றி முன்பே புகார் கொடுத்தீர்களா?”

கயிற்றுக்காரர் என்னைப் பார்த்தார். நான் எழுதிக்கொண்டிருந்தேன். பிறகு தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, “சுருக்கமாகச் சொல்லுங்கள், உங்களுக்கு என்னதான் வேண்டும்?” என்றார்.

கயிற்றுக்காரர் எழுந்தே விட்டார். “எங்களுக்கு வேற எதுவும் வேணாங்க. அக்கரை வேணும். காத்துக் காலத்துல அக்கரை இல்லாம நாங்க செத்துப் போயிடுவோம். போன வருஷம் பதினோரு நாள் அக்கரையே இல்ல. நல்ல இன்ஜினா ஒண்ணு போட்டுட்டீங்கன்னா போதும், அக்கரை தானா கிடைச்சிடும்.”

தீவுக்காரர்கள் பெருநிலத்தை அக்கரை என்பார்கள். போவது, மருந்து வாங்குவது, திரும்பி வீட்டுக்கு வருவது எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடக்கம். காதுக்கோ ‘ரை’யும் ‘றை’யும் ஒன்றுதான். அமர்வு முடிந்து நான் என் அறையில் உட்கார்ந்து எழுத்துப்படி எடுத்தபோது ‘அக்கறை’ என்று எழுதினேன். யோசித்துக்கூட எழுதவில்லை. இருபத்திரண்டு வருடம் கமிட்டிகளில் குந்தியிருந்தவன் நான். அங்கே எல்லோரும் எல்லோரிடமும் அக்கறையைத்தான் கேட்டார்கள், அக்கறையைத்தான் தெரிவித்தார்கள். ஒரு மனிதன் அந்த அறைக்குள் வந்து கரையைக் கேட்பான் என்று என் கைக்குத் தெரியாது.

அன்று அமர்வில் இருந்தவர்களின் காதும் என் கையைப் போலத்தான் பழகியிருந்தது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நண்பர்களே, என் பொதுவாழ்வில் இப்படியொரு எளிய கோரிக்கையை நான் கேட்டதில்லை. பாலம் கேட்கவில்லை. மருத்துவமனை கேட்கவில்லை. வெறும் அக்கறை! அது நம்மிடம் எவ்வளவு இருக்கிறது என்று நமக்கே தெரியாது, ஏனென்றால் இதுவரை நாம் எடுத்துப் பயன்படுத்தியதே இல்லை.”

உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள். இன்ஜின் என்ற சொல் மட்டும் இடித்தது. அதையும் செயலாளர் அடிக்குறிப்பில் சமாளித்துவிட்டார்: ‘இன்ஜின் என்று சாட்சி குறிப்பிடுவது நிர்வாக இயந்திரத்தை.’

அடுத்த வாரமே அக்கறைத் துணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. தீவில் இப்போது எவ்வளவு அக்கறை இருக்கிறது என்று அளந்தால்தான் எவ்வளவு போதவில்லை என்று சொல்ல முடியும் என்பதால், அளப்பதற்கு நேரிலேயே போனோம். ஐந்து உறுப்பினர்கள், செயலாளர், ஒரு கணக்கெடுப்பாளர், நான். நடுக்கடலில் இன்ஜின் இரண்டு முறை நின்றது. படகோட்டி குனிந்து எதையோ சுத்தியலால் அடித்தார். “அமைதியாக இருக்கிறதே” என்று ஓர் உறுப்பினர் பாராட்டினார்.

தீவில் நூற்றுப் பதினேழு பேர். கணக்கெடுப்பாளர் வீடு வீடாகப் போனார். கயிற்றுக்காரரின் மனைவி வாசலில் உட்கார்ந்து ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஒல்லியான உடம்பு, கணீரென்ற குரல்.

“அம்மா, ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் சொல்லுங்க. உங்களுக்குக் கிடைக்கிற அக்கறை எவ்வளவு?”

“யாரோடது? என் வீட்டுக்காரரோடதுன்னா அஞ்சு போட்டுக்க.”

“அரசாங்கத்தோடது.”

“சைபர் இருக்கா?”

“ஒண்ணுல இருந்துதாம்மா ஆரம்பிக்குது.”

“அடேயப்பா! அதுக்குக் கீழ எறங்க முடியாதபடி ஏற்பாடா வந்திருக்கீங்க.”

கணக்கெடுப்பாளர் ஒன்று என்று குறித்துக்கொண்டார். நூற்றுப் பதினேழு பேருக்கும் ஒன்றுதான். உறுப்பினர்களுக்கு ஒரே மகிழ்ச்சி. இவ்வளவு துல்லியமான பற்றாக்குறை வேறு எந்தத் துறையிலும் கிடைத்ததில்லையாம்.

திரும்பும் முன் துறையில் ஒரு பலகை நட்டார்கள். நட்டார்கள் என்றால், ஆடுகிற தூணில் கம்பி வைத்துக் கட்டினார்கள். ‘இங்கு நாடாளுமன்றத்தின் அக்கறை நிலவுகிறது.’ பாரம் தாங்காமல் தூண் இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. கயிற்றுக்காரர் பலகையை எழுத்துக்கூட்டி வாசித்தார். பிறகு இன்னொரு தடவை. மெதுவாக என் பக்கத்தில் வந்தார்.

“ஐயா, நான் கேட்டது இந்த ‘றை’ இல்லீங்களே. அந்த ‘ரை’.” கையை நீட்டிப் பெருநிலத்தைக் காட்டினார்.

குறிப்பேட்டைப் புரட்டினேன், அதில் ஒன்றும் தெரியவில்லை, நான் கற்ற சுருக்கெழுத்தில் இரண்டுக்கும் ஒரே கோடு. மழுப்பியிருக்கலாம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வரவில்லை. திருத்தம் கேட்டு மனு கொடுக்கலாம், நேரில் வர வேண்டும் என்று வழி சொன்னேன். நான்தான் சொன்னேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவர் வந்து சேர ஒரு மாதம் ஆனது. முதல் தடவை எங்கள் அழைப்புக் கடிதமே அனுமதியாக இருந்தது; இந்தத் தடவை அவர் இல்லாத நாளில் கயிற்றை அவிழ்க்க வேறு ஆள் வேண்டும், அதற்கு அனுமதி வேண்டும், அனுமதிக்கு நாங்கள்தான் முத்திரை போட வேண்டும். கடைசியில் தீவின் மளிகைக் கடைக்காரர் ஒருநாள் தற்காலிகக் கயிற்றுப் பணியாளராக நியமிக்கப்பட்டார். அதற்குள் எங்கள் அறிக்கை அவைக்குப் போய், பதினான்கு அறிக்கைகளோடு ஒன்றாக, ஒரே ‘ஆம்’ ஒலியில் ஏற்கப்பட்டிருந்தது. அவையில் அப்போது இருந்தவர்கள் ஆறு பேர், அதில் ஒருவர் தவறான அறைக்கு வந்தவர்.

செயலாளர் மனுவை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“அவை ஏத்துக்கிட்ட அறிக்கையில கருத்தைத் திருத்த முடியாது. எழுத்துப்பிழைன்னா திருத்தலாம். நீங்க சொல்றது கருத்தா, எழுத்தா?”

கயிற்றுக்காரர் என்னைப் பார்த்தார். கருத்து என்று சொன்னால் மனு அப்போதே குப்பைக்கூடைக்குப் போகும். நான் கண்ணைச் சிமிட்டி, உதட்டை மட்டும் அசைத்துக் காட்டினேன்.

“எழுத்துதாங்க,” என்றார் அவர்.

“ஒரு எழுத்துதானே?”

“ஒரே எழுத்துங்க.”

அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. அத்தனை வேகமாக அந்த அலுவலகத்தில் எதுவும் நடந்து நான் பார்த்ததில்லை. கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானைத் தட்டினார்கள். அறிக்கையில் அக்கறை என்று இருந்த நாற்பத்தொரு இடங்களிலும் அக்கரை என்று ஆனது. இரண்டு சொல்லும் குழம்பாமல் இருக்க, பின்னிணைப்பில் ஒரு விளக்கத்தையும் செயலாளர் சேர்த்தார்: ‘அக்கரை என்பது, எங்கிருந்து பார்த்தாலும், பெருநிலத்தையே குறிக்கும்.’

கயிற்றுக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு, மரப்பட்டையைத் தொட்ட மாதிரி இருந்தது. “நீங்க இல்லேன்னா இது நடந்திருக்காதுங்க,” என்றார். அது உண்மை.

திருத்திய பிரதியை மூன்றாம் நாள்தான் படித்தேன். பரிந்துரை ஏழு, முதலில் இப்படி இருந்தது: ‘காற்றுக் காலம் தொடங்கும் முன் இம்மக்கள் அனைவருக்கும் நிரந்தர அக்கறை வழங்கப்பட வேண்டும். அக்கறைக்கு வெளியே ஒருவர்கூட விடுபடக் கூடாது.’ அதை எழுதிய அன்று எல்லோரும் சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டார்கள், அது யாரையும் ஒரு துரும்பைக்கூட அசைக்கச் சொல்லாத வாக்கியம். இப்போது அது சொன்னது வேறு: ‘இம்மக்கள் அனைவருக்கும் நிரந்தர அக்கரை வழங்கப்பட வேண்டும். அக்கரைக்கு வெளியே ஒருவர்கூட விடுபடக் கூடாது.’

காகிதத்தை எடுத்துக்கொண்டு செயலாளரிடம் ஓடினேன்.

“சார், இதைப் படிச்சா அவங்க எல்லாரையும் தீவை விட்டுக் கிளப்பச் சொல்ற மாதிரி இருக்கு.”

“மாதிரி என்ன, அதைத்தான் சொல்லுது. சம்பந்தப்பட்ட துறைக்கு நேத்தே அனுப்பியாச்சு.”

“அவங்க கேட்டது இன்ஜின் சார். போயிட்டுத் திரும்பி வர.”

“திரும்பி வர்றதைப் பத்தி அறிக்கையில எங்க இருக்கு, காட்டுங்க.”

இல்லைதான். நான் எழுதாததால் இல்லை. தலைவரிடமே போனேன். அவர் மேசையில் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் கோபமில்லை, பெருமிதம்தான் இருந்தது.

“தம்பி, இருபது வருஷமா நம்ம பரிந்துரைல ஒண்ணையாவது எந்தத் துறையாவது நிறைவேத்தியிருக்கா? சொல்லு. இதுதான் முதல் தடவை. போலீஸ் வருது, லாரி வருது, குடியிருப்புல வீடு ஒதுக்கியாச்சு. அறிக்கைன்னா என்னன்னு இப்பத்தான் ஜனங்களுக்குத் தெரியப் போகுது. இந்த நேரத்துல வந்து பிழைன்னு சொல்றியே! அவை ஏத்துக்கிட்ட பிறகு அது பிழை இல்ல தம்பி, கொள்கை.”

தீவில் முதலில் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். பிறகு மின்சாரத்துக்கு வரும் எண்ணெய் நின்றது. செல்போன் கோபுரத்தை, மக்கள் இல்லாத இடத்தில் கோபுரம் எதற்கு என்று, மக்கள் இருக்கும்போதே கழற்றினார்கள். கூட்டம் கூடிக் கத்தியவர்களிடம் அவர்களுடைய சாட்சியத்தையே வாசித்துக் காட்டினார்கள்: ‘எங்களுக்கு வேறு எதுவும் வேண்டாம், அக்கரை வேண்டும்.’ கீழே கயிற்றுக்காரரின் பெயர். அதன் பிறகு ஊரில் பாதிப் பேர் அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்கள் என்று படகோட்டி என்னிடம் சொன்னார். அவர் யாரிடமும் மறுத்துப் பேசவில்லையாம். காலையும் மாலையும் துறைக்கு வந்து கயிற்றைப் பிடித்துக் கட்டிவிட்டுப் போனாராம்.

வெளியேற்றும் நாள் வந்தது. காற்றுக்கு ஒரு வாரம் இருந்தது, ஆனால் கடல் அன்றைக்கே நிறம் மாறியிருந்தது. வரலாற்றுத் தருணம் என்பதால் தலைவரும் உறுப்பினர்களும் கடைசி நடையில் வருவதாக ஏற்பாடு. பதிவு செய்ய நான். அன்று ஐந்து நடை. ஒவ்வொரு நடைக்கும் கயிற்றுக்காரர் கயிற்றைப் பிடித்தார், கட்டினார், ஜனங்களையும் கோழிக் கூடைகளையும் பீரோக்களையும் ஏற்றினார், அவிழ்த்து விட்டார். மளிகைக் கடைக்காரர் முதல் நடையிலேயே போய்விட்டார். ஆடுகளுக்குப் படகில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவை துறை வரைக்கும் வந்து வரிசையாக நின்றன.

அவர் மனைவி நான்கு நடையிலும் ஏறவில்லை. “அவர் வராம நான் எப்படிப் போறது? ரெண்டு பேரும் சேந்து போறோம்,” என்று ஒரே பிடியாக நின்றார். கடைசி நடைக்கு வேறு யாரும் மிச்சமில்லை. ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு படகின் ஓரப் பலகையில் உட்கார்ந்தார். அதே பலகையில் பாதுகாப்பு அங்கி மாட்டிய உறுப்பினர்கள்.

செயலாளர் துறையில் இறங்கி ஒரு படிவத்தை நீட்டினார். “தீவுல இனி யாரும் இல்லைன்னு துறைப் பணியாளர் சான்று குடுக்கணும். இங்க ஒரு கையெழுத்து.”

“நான் இருக்கேனேங்க.”

“இப்ப ஏறப் போறீங்கல்ல? போடுங்க.”

அவர் தூணில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். செயலாளர் அதை வாங்கிக்கொண்டு படகில் ஏறினார். கயிற்றுக்காரர் கயிற்றை அவிழ்த்து, சுருட்டி, படகுக்குள் வீசிவிட்டு, முப்பது வருடமாகப் பழகிய காலை எடுத்து விளிம்பில் வைத்தார். படகோட்டி கை நீட்டினார். “வாங்கண்ணே, குதிங்க!”

“நில்லுங்க!” என்றார் செயலாளர். பாதுகாப்பு விதிகள் பக்கத்தில் விரலை வைத்திருந்தார். “கயிறு அவிழ்த்த பிறகு யாரும் ஏறக் கூடாது. விதி ஒன்பது. நிலைக்குழு பயணம் செய்யுது.”

“அப்ப மறுபடி கட்டறேங்க. ஏறிட்டு…”

“கட்டினா யார் அவிழ்க்கிறது? கரையில நிக்கிற நியமனப் பணியாளர்தான் அவிழ்க்கணும். அதுவும் விதிதான், எட்டு.”

எல்லோரும் ஒரு கணம் யோசித்தோம். கணக்கு எப்படிப் போட்டாலும் ஒரு ஆள் மிஞ்சினார். அலை படகைத் துறையிலிருந்து ஒரு முழம் தள்ளியது.

“அடுத்த நடையில வந்துடுங்க,” என்றார் தலைவர், தாராளமாக. “நாங்க போனதும் படகு திரும்பி வரும்.”

“ஏங்க! காலை எடுத்து வைங்க! இவங்க பேச்சைக் கேக்காதீங்க!” என்று அந்த அம்மாள் எழுந்துவிட்டார். படகு ஆடியது. இரண்டு உறுப்பினர்கள் அவரைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்கள், அவருடைய பாதுகாப்புக்காக.

கயிற்றுக்காரர் அரசாங்கத்து ஆள். முப்பது வருடத்தில் ஒரு விதியை மீறியதில்லை. காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார். “நீ மருந்தை வெயில்ல வைக்காத. நான் சாயங்காலம் வந்துடறேன்,” என்றார். நான் இரண்டு ஆள் தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். கையை நீட்டியிருக்கலாம். என் கையில் பென்சில் இருந்தது, நான் அவர் சொன்னதை எழுதிக்கொண்டிருந்தேன்.

பெருநிலத்துத் துறையில் இறங்கியதும் ஓர் அதிகாரி படகின் சாவியைக் கேட்டார். தீவில் மக்கள் இல்லை என்ற சான்று கிடைத்த நிமிடத்திலேயே படகுச் சேவை முடிந்துவிட்டதாம். படகோட்டி சாவியை விடவில்லை.

“சார், அங்க ஒரு ஆளு நிக்கிறாரு! நானே விட்டுட்டு வந்திருக்கேன். ஒரே ஒரு நடை சார்!”

“யாருமே இல்லைன்னு எழுதியிருக்கே. கையெழுத்தும் இருக்கு.”

“அது அவரு கையெழுத்துதான் சார்!”

“அப்ப சரியாத்தான் இருக்கும்,” என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

மறுநாள் மீட்புப் பிரிவுக்குப் போனோம், படகோட்டியும் அந்த அம்மாளும் நானும். ஆளில்லாத தீவுக்கு மீட்புப் படகு அனுப்ப விதியில்லை என்றார்கள். படகோட்டி ஒரு மீன்பிடிப் படகை இரவல் வாங்கிப் புறப்பட்டார். தடை செய்யப்பட்ட பகுதி என்று ரோந்துப் படகு அவரைப் பாதியிலேயே திருப்பி இழுத்து வந்து, ஒரு வாரம் உள்ளே வைத்தது. அவர் வெளியே வருவதற்குள் காற்றுக் காலம் தொடங்கிவிட்டது. இனி மூன்று மாதம் மீன்பிடிப் படகு எதுவும் அந்தப் பக்கம் போகாது.

துறையில் நின்று பார்த்தால் தீவிலிருந்து காலையும் மாலையும் புகை எழுவது தெரியும். படகு வரும் நேரங்கள் அவை. அந்த அம்மாள் தினமும் இரண்டு வேளையும் போய்ப் பார்த்துவிட்டு, நேராக எங்கள் அலுவலகத்துக்கு வந்து தாழ்வாரத்து பெஞ்சில் உட்காருவார். குடியிருப்பில் குளிர்சாதனப் பெட்டி கொடுத்திருக்கிறார்கள். மருந்துக் கடை நாலு வீடு தள்ளி. அவர் உடம்புக்கு இப்போது ஒரு குறையும் இல்லை. புகையைப் பற்றி நான் ஒரு குறிப்பு எழுதி வைத்தேன். ‘புகை, ஆள் ஆகாது’ என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பினார்கள்.

தீவைக் காலி செய்த பன்னிரண்டாம் நாள் அந்த அம்மாளின் மனுவைப் பதிவு செய்துகொள்ள அனுமதி கிடைத்தது. செயலாளர் அறையில் உட்கார வைத்தார்கள். நான் குறிப்பேட்டைத் திறந்தேன்.

“என் வீட்டுக்காரர் அக்கரையில தனியா இருக்காரு. அவரைக் கூட்டிட்டு வந்து விடுங்க. எனக்கு வேற எதுவும் வேணாம்,” என்றார்.

அவர் நிற்கும் இடத்திலிருந்து இப்போது தீவுதான் அக்கரை. அந்தச் சொல் அப்படித்தான், நிற்கிற கால் மாறினால் கரையும் மாறும். ஆனால் எங்கள் பின்னிணைப்பில் மாறாது.

“அம்மா, தீவுன்னு சொல்லுங்க. தீவுல இருக்காருன்னு எழுதிக்கறேன்.”

“எதுக்கு மாத்தறீங்க?” என்றார் செயலாளர். “போன தடவை நீங்க மாத்தி எழுதினதாலதானே இவ்வளவும். சாட்சி சொன்னது சொன்னபடி இருக்கணும்.”

அந்த அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். போன தடவை எழுதியது யார் என்று அதுவரை அவருக்குத் தெரியாது. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். “அந்த ‘ரை’தானே போடறீங்க? சரியாப் போடுங்கய்யா,” என்று மட்டும் சொன்னார்.

போட்டேன். அவர் பார்க்கும்படி, கொட்டை எழுத்தில்.

உத்தரவு இன்று காலை வந்தது. தட்டச்சு செய்யும் வேலையும் எனக்குத்தான் வந்தது. ‘மனுதாரரின் கணவர் அக்கரையில் இருப்பது மனுவிலேயே ஒப்புக்கொள்ளப்பட்டுள்ளது. பின்னிணைப்பின்படி அக்கரை என்பது பெருநிலத்தையே குறிக்கும். பரிந்துரை ஏழு இவரைப் பொறுத்தும் நிறைவேறியுள்ளதைக் குழு மகிழ்ச்சியுடன் பதிவு செய்கிறது. மேல் நடவடிக்கை தேவையில்லை.’

அந்த அம்மாள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். நேற்று முதல் புகை தெரியவில்லை என்று சொன்னார். காற்று பலமாக இருக்கிறது, அதனாலும் இருக்கலாம். உத்தரவை அவர் கையில் கொடுப்பதற்கு முன்பு மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். இந்த முறை எழுத்துப்பிழை எதுவும் இல்லை.